ஒரு கையால் உருட்டிவிடும் பந்து

2016 செப்டம்பர் 16 அன்று ரியோ டி ஜெனீரோவின் தியோதோரோ அரங்கில் உக்ரைனும் ஈரானும் மோதிய இறுதி ஆட்டம், 60 நிமிடங்கள் முடிந்தபோது ஆளுக்கொரு கோலுடன் சமநிலையில் நின்றது. கூடுதல் நேரத்தில் உக்ரைன் 2-1 என்று வென்று தங்கம் பெற்றது. மூளை முடக்குவாதம் உள்ளவர்கள் ஆடும் எழுவர் கால்பந்துக்குப் பாராலிம்பிக்கில் அதுவே கடைசி ஆட்டம். 1984 முதல் இடைவிடாமல் நடந்துவந்த அந்தப் போட்டியை டோக்கியோவிலிருந்து நீக்குவதென்று சர்வதேச பாராலிம்பிக் குழு 2015 ஜனவரியிலேயே முடிவு செய்துவிட்டது. டோக்கியோவில் இல்லை, பாரிஸில் இல்லை, 2028 லாஸ் ஏஞ்சலீஸுக்கான பட்டியலிலும் இல்லை. இந்த முடிவு தவறானது என்பதே என் உறுதியான கருத்து.

அந்த இறுதி ஆட்டத்தின் காணொளியை என் தங்கை மகனோடு அமர்ந்து பார்த்தேன். அவனுக்குப் பிறவியிலிருந்தே உடலின் வலப்பக்கத்தில் மூளை முடக்குவாதம். வயது 11. பள்ளியில் விளையாட்டு வகுப்பு வந்தால் அவனுக்கென்று ஒரு வேலை உண்டு. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, ஆடப்போகும் பிள்ளைகளின் கைக்கடிகாரங்களையும் தண்ணீர் பாட்டில்களையும் பார்த்துக்கொள்வான். அவன் விழுந்துவிடக் கூடாதே என்ற அக்கறையில்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனாலும் மூன்று ஆண்டுகளாக அவன் மரத்தடியில்தான் இருக்கிறான். காணொளியில் ஒரு வீரர் பக்கவாட்டில் வேகமெடுத்து ஓடியபோது அவன் திரையைத் தொட்டு நிறுத்தினான். "மாமா, இவருக்கும் கை என்னை மாதிரியே மடங்குது பாருங்க" என்றான். பிறகு பின்னுக்கு நகர்த்தி அதே ஓட்டத்தை நான்கு முறை பார்த்தான்.

அவன் கவனித்தது மிகச் சரி. மூளை முடக்குவாதம் தசையின் நோயன்று. பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்திலோ வளரும் மூளைக்கு நேர்ந்த பாதிப்பு. நிதானமாக நடக்கும்போது ஓரளவு தளர்ந்திருக்கும் கை, வேகமெடுத்தவுடன் தசை இறுகி முழங்கையில் மடங்கி மார்போடு ஒட்டிக்கொள்ளும். குதிகால் தரையில் படாமல் முன்பாதத்திலேயே ஓட நேரும். முயற்சி கூடக்கூட இறுக்கமும் கூடும். ஓடியபடியே பந்தை நிறுத்தி, தலையை உயர்த்திப் பார்த்து, கூட்டாளியின் காலுக்கு அனுப்புவதற்கு எவ்வளவு பயிற்சி வேண்டும் என்பதை, இந்த உடலோடு ஒருநாளாவது கூடவே வாழ்ந்தவர்கள் அறிவார்கள். பக்கவாதத்தாலோ விபத்தில் தலையில் பட்ட அடியாலோ இதே வகையான பாதிப்பு வந்தவர்களும் இந்த ஆட்டத்தில் சேர்ந்து ஆடுகிறார்கள்.

இந்த ஆட்டத்தின் விதிகளைப் படிக்கப் படிக்க, அவற்றை வகுத்தவர்கள்மீது எனக்கு மரியாதை கூடுகிறது. சுமார் 70 மீட்டர் நீளமும் 50 மீட்டர் அகலமும் கொண்ட களம், பாதிக்கு 30 நிமிடம், ஆஃப்சைடு கிடையாது. எல்லைக்கோட்டுக்கு வெளியே போன பந்தை இரண்டு கைகளாலும் தலைக்குமேல் தூக்கி எறிய முடியாதவர், ஒரு கையால் தரையோடு உருட்டிவிடலாம். இவற்றையெல்லாம்விட முக்கியமானது வகைப்பாட்டு விதி. பாதிப்பின் அளவைக் கொண்டு வீரர்களை மூன்று வகுப்புகளாகப் பிரிக்கிறார்கள். பாதிப்பு மிகுந்த முதல் வகுப்பைச் சேர்ந்த ஒருவராவது எப்போதும் களத்தில் இருக்க வேண்டும். பாதிப்பு மிகக் குறைந்த மூன்றாம் வகுப்பிலிருந்து ஒரே நேரத்தில் ஒருவருக்கு மேல் ஆடக் கூடாது. வேகமாக ஓடக்கூடிய ஏழு பேரை மட்டும் பொறுக்கியெடுத்து ஒரு பயிற்சியாளர் அணி அமைத்துவிட முடியாது. அணியில் மிகவும் சிரமப்பட்டு ஓடுகிறவரைச் சுற்றித்தான் அவர் தன் ஆட்டத்தையே திட்டமிட வேண்டும். மரத்தடியில் உட்காரவைக்கப்படும் பிள்ளை இங்கே களத்தில் இருந்தே ஆக வேண்டியவன்.

நீக்கியதற்குச் சொல்லப்பட்ட காரணம், போதுமான நாடுகளில் இது பரவவில்லை என்பதுதான். பாராலிம்பிக் என்பது உலகப் போட்டி, ஏதோ ஓர் அளவுகோல் இருந்துதான் ஆக வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு விளையாட்டு எப்படிப் பரவுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பல நாடுகளில் அரசின் விளையாட்டு நிதி பாராலிம்பிக் பட்டியலைப் பார்த்தே ஒதுக்கப்படுகிறது. பட்டியலில் பெயர் இல்லையென்றால் நிதி இல்லை. நிதி இல்லாமல் பயிற்சியாளரோ வகைப்பாட்டு வல்லுநரோ பயண வசதியோ கிடையாது. அவை இல்லாத நாட்டில் புதிய அணி எங்கிருந்து முளைக்கும்? பரவவில்லை என்று வெளியேற்றுவது, பரவுவதற்கு இருந்த வழியையும் அடைப்பதாகவே முடிகிறது. இந்த ஆட்டத்துக்கு விலையுயர்ந்த சக்கர நாற்காலியோ செயற்கைக் காலோ தேவையில்லை; ஒரு பந்தும் ஒரு மைதானமும் போதும். ஏழை நாடுகளிலும் வேரூன்றக்கூடிய ஆட்டம் இது. ஐரோப்பாவுக்கு மட்டும் உரியது என்றும் யாரும் சொல்ல முடியாது. 2008இலும் 2012இலும் வெண்கலம், 2016இல் வெள்ளி என ஈரான் தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் வென்றிருக்கிறது. 2004இல் வெள்ளி பிரேசிலுக்கும் வெண்கலம் அர்ஜென்டினாவுக்கும் போயின.

வெளியேற்றப்பட்ட பிறகும் இந்த ஆட்டக்காரர்கள் ஓய்ந்துவிடவில்லை. 2015இல் தொடங்கப்பட்ட தனிச் சர்வதேசக் கூட்டமைப்பு உலகக் கோப்பைகளைத் தொடர்ந்து நடத்திவருகிறது. பாராலிம்பிக்கில் இருந்தவரை இது ஆண்களுக்கான போட்டியாக மட்டுமே இருந்தது. பெண்களுக்கான முதல் உலகக் கோப்பை 2022இல் ஸ்பெயினின் சலோவ் நகரில் நடந்தது. ஐந்து நாடுகள் ஆடின. இறுதியில் ஆஸ்திரேலியாவை வென்று அமெரிக்கா கோப்பையை எடுத்தது. ஐந்து அணிகள்தானா என்று கேட்பவர்கள், எந்தப் பெரிய மேடையின் அழைப்பும் இல்லாமல் இவர்கள் தாங்களாகவே அணி திரட்டி வந்தார்கள் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

2032 பாராலிம்பிக்கை நடத்தவிருக்கும் பிரிஸ்பேன், ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. ஆண்களுக்குப் பாராரூஸ், பெண்களுக்குப் பாராமெட்டில்டாஸ் என்று அந்நாட்டுக்கு இந்த ஆட்டத்தில் இரண்டு தேசிய அணிகள் உண்டு. சொந்த மண்ணில் அவர்கள் ஆட முடியாமல் போகக் கூடாது. ஆண்கள், பெண்கள் இரு பிரிவுகளிலும் எழுவர் கால்பந்து பிரிஸ்பேனில் இடம்பெற வேண்டும். நம் நாட்டின் பாராலிம்பிக் நிர்வாகிகளும் அதற்காகச் சர்வதேசக் குழுவிடம் குரல் கொடுக்க வேண்டும்.

காணொளி பார்த்த மறுநாள் மாலை, எங்கள் தெருவில் என் மருமகன் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டுவைத்து, இடது கையால் பந்தை உருட்டிவிட்டுப் பழகிக்கொண்டிருந்தான். எதிரில் நின்ற பக்கத்து வீட்டுப் பையன், அது தப்பு, இரண்டு கையாலும் எறிய வேண்டும் என்றான். "இல்லடா, இப்படியும் ரூல் இருக்கு" என்று சொல்லிவிட்டு, இவன் பந்தை மறுபடியும் உருட்டினான்.