95-க்கு 95 என்று போட்டால் ஏன் ஒன்றும் மாறுவதில்லை?

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ரீக்ளாசிஃபை (பிக்சல் மதிப்புகளை வேறு எண்களாக மாற்றும் டூல்) சொதப்புகிறது என்று புலம்புகிறவர்கள், முதலில் அட்வான்ஸ்டு பகுதியைத் திறந்து பார்க்க வேண்டும். என் பார்வையில் குறை டூலில் இல்லை, டீஃபால்ட்டைப் படிக்காமல் ரன் கொடுப்பதில் இருக்கிறது.

பிச்சாவரம் அலையாத்திக் காட்டை மட்டும் பிரிக்கிறோம் என்று வையுங்கள். ஈசாவின் (ஐரோப்பிய விண்வெளி நிறுவனம்) நிலப்பரப்பு வரைபடமான வேர்ல்டுகவர் 2021 ஒரு ராஸ்டர், அதாவது பிக்சல் கட்டங்களாலான படம்; அதில் வகைக்கு ஓர் எண்: அலையாத்தி 95, மரம் 10, புல்வெளி 30, கட்டடம் 50, தண்ணீர் 80. 'ரீக்ளாசிஃபை பை டேபிள்' திறந்து 95, 95, 1 (மின், மேக்ஸ், புது மதிப்பு) என்று ஒரே வரி போட்டால் எதுவும் நடக்காது. அங்கே டீஃபால்ட் எல்லை விதி 'மின் < மதிப்பு <= மேக்ஸ்'. 95-ஐ விடப் பெரிதாகவும் 95-ஐத் தாண்டாமலும் எந்த எண் இருக்க முடியும்? இன்னொரு தொல்லை: எந்த வரியிலும் சிக்காத பிக்சல் பழைய மதிப்போடே வெளியே வரும். தண்ணீர் 80 ஆகவே நிற்கும்.

மூன்று வரி போதும்: 0–94 என்றால் 0, 94–95 என்றால் 1, 95–100 என்றால் 0. மூல ராஸ்டரில் 0 நோடேட்டா (தரவு இல்லாத இடம்) என்பதால் அது நோடேட்டாவாகவே போய்விடும்.

டீஃபால்ட்டாக அவுட்புட் வகை ஃப்ளோட்32 (தசம எண்), நோடேட்டா -9999 என்று இருக்கும். 0, 1 வைக்க பைட் (0 முதல் 255 வரை) தாராளம்; ஆனால் பைட்டில் -9999 அடங்காது, 255 கொடுங்கள். 0 கொடுத்தால் அலையாத்தி அல்லாத நிலம் முழுக்க நோடேட்டாவாகிவிடும். பிறகு ஜோனல் ஸ்டாடிஸ்டிக்ஸில் ஊர் எல்லைவாரியாகச் சராசரி எடுத்தால், ஒரே ஒரு அலையாத்திப் பிக்சல் உள்ள ஊருக்கும் 1 வரும், ஊரே காடு என்பதுபோல.

பரப்பளவு வேண்டுமென்றால் ரீக்ளாசிஃபைக்கு முன்பே மீட்டரில் அளக்கும் ஆய முறையான யுடிஎம் 44 வடக்குக்கு (இபிஎஸ்ஜி எண் 32644) மாற்றிவிடுங்கள். பத்து மீட்டர் தரவு என்பதால் பிக்சலுக்கு 100 சதுர மீட்டர் என்று பெருக்குகிறார்கள். ஆனால் கோப்பு டிகிரியில் இருக்கிறது. ஒரு பிக்சல் 1/12000 டிகிரி. பிச்சாவரத்தில் அது ஏறக்குறைய 84 சதுர மீட்டர்தான். மாற்றும்போது ரீசாம்ப்ளிங் (புதுக் கட்டங்களுக்கு மதிப்பு எடுக்கும் முறை) நியரஸ்ட் நெய்பராகவே, அதாவது அருகிலுள்ள பிக்சலின் மதிப்பை அப்படியே எடுப்பதாகவே, இருக்கட்டும். பக்கத்துப் பிக்சல்களைச் சராசரியாக்கும் பைலீனியர் வைத்தால் மரம் 10-க்கும் கட்டடம் 50-க்கும் நடுவில் 30 முளைக்கும், இல்லாத புல்வெளி!

ஒரு வகை மட்டும் தேவை என்றால் டேபிளே வேண்டாம், ராஸ்டர் கால்குலேட்டரில் அடுக்கை 95-க்குச் சமமா என்று கேட்டாலே 1, 0 வந்துவிடும். கிராஸ் என்ற இன்னொரு வரைபட மென்பொருளில் ஆர்.ரீக்ளாஸ் பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க: அது புது ராஸ்டர் எழுதுவதில்லை, மூலத்தைச் சுட்டும் அட்டவணை மட்டுமே. மூலத்தை அழிக்கக்கூடாது.

எந்த வழியில் போனாலும் வண்ணம் தீட்டும் முன் ராஸ்டரில் எந்தெந்த எண்கள் உள்ளன என்று பட்டியலிடும் 'யூனிக் வேல்யூஸ் ரிப்போர்ட்' ஓட்டுங்கள். 0, 1 தவிர வேறு எண் தெரிந்தால் டேபிளில் ஓட்டை இருக்கிறது.