கொட்டாங்கச்சிக் கரி ஃபுளோரைடை எடுக்காது

கொட்டாங்கச்சிக் கரியைக் குடத்தில் போட்டுவைத்தால் தருமபுரிப் பக்கத்து போர்த் தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடும் உப்பும் போய்விடும் என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை மாற்றிவிடுங்கள். யாராவது நம்பிக் குழந்தைக்குக் கொடுத்துவிடுவார்கள்.

கரி வீண் என்று சொல்லவில்லை. சாயம், பூச்சிமருந்து, ஈயம் போன்றவற்றை நன்றாகச் செய்த பயோசார் (காற்றை அடக்கிச் சுட்ட தாவரக் கரி) பிடித்துக்கொள்ளும். ஆனால் அதன் மேற்பரப்பில் பெரும்பாலும் எதிர்மின்னூட்டம்தான் இருக்கும். ஃபுளோரைடும் எதிர்மின் அயனி, அப்புறம் எப்படி ஒட்டும்? அலுமினிய உப்பு ஏற்றிய கரி என்றால் விஷயம் வேறு. கென்யாவில் மாட்டெலும்புக் கரியால் ஃபுளோரைடை வடிகட்டுகிறார்கள், உண்மைதான். அங்கே வேலை செய்வது கார்பன் அல்ல, எலும்பிலுள்ள கால்சியம் பாஸ்பேட்.

உப்பும் குறையாது. அடுப்புக் கரியை ஒரு தம்ளர் தண்ணீரில் ஊறப்போட்டு டிடிஎஸ் மீட்டரை (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். சாம்பல் கரைந்து எண் ஏறித்தான் இருக்கும்.

குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மி.கி.க்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை. நாக்குக்கு அது தெரியாது. கரி போட்ட தண்ணீரையும் போடாத தண்ணீரையும் தனித்தனி பாட்டிலில் எடுத்து ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள்.