சி-ஸ்கேன்ல சிவப்புன்னா ஆழமான விரிசலா?
மேல ஒருத்தர் அல்ட்ராசோனிக் (உலோகத்துக்குள்ள ஒலி அலையை அனுப்பி, திரும்புற எக்கோவை வச்சு விரிசல் தேடுற சோதனை) சி-ஸ்கேன்ல சிவப்பா இருந்தா விரிசல் ஆழமா இருக்குன்னு போட்டிருக்காரு, அது அப்படி இல்லீங்க. சி-ஸ்கேன் மேலேருந்து பாக்குற பிளான் வியூ, கலர் எதைச் சொல்லுதுங்கறது நாம வச்ச செட்டிங்கைப் பொறுத்தது, ஆம்ப்ளிடியூட்ல (எக்கோவோட பலம்) வச்சிருந்தா வழக்கமா சிவப்புன்னா எக்கோ பலமா திரும்புதுன்னு மட்டும்தான் அர்த்தம், ஆழம் வேணும்னா டைம் ஆஃப் ஃப்ளைட்டுக்கு (எக்கோ திரும்பி வர ஆகுற நேரம்) மாத்தணும் இல்ல பி-ஸ்கேன்ல பக்கவாட்டு வெட்டைப் பாக்கணும். ஸ்டீல்ல லாங்கிட்யூடினல் அலை (போற திசையிலேயே அதிர்ற ஒலி அலை) செகண்டுக்கு சுமார் 5900 மீட்டர் போகும், 10 மைக்ரோசெகண்ட்ல எக்கோ வந்தா ஆழம் 29.5 மில்லிமீட்டர் வரும், போக வரன்னு பாதியாக்கணும் (நானே மறந்திருக்கேன்). சாய்வான விரிசல் எக்கோவ வேற பக்கம் தள்ளிவிட்டுடும், பெருசா இருந்தாலும் மங்கலாத்தான் தெரியும். சந்தேகம்னா ஏ-ஸ்கேனை, அதாவது எக்கோ பலத்தை நேரப்படி காட்டுற கோட்டுப் படத்தை, திறந்து பாருங்க, மத்த படமெல்லாம் அதுலேருந்து வரைஞ்சதுதான்.