கியோங்ஜுவில் முதலில் ஒரு வெற்று நிலத்தைப் பாருங்கள்

தென் கொரியாவின் கியோங்ஜுவுக்கு நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை பூசானிலிருந்து சுற்றுலாப் பேருந்தில். புல்குக்சா கோயிலுக்கு நாற்பது நிமிடம், சொக்குராம் குகைக்கோயிலுக்கு அரை மணி, அப்புறம் சாப்பாடு. படங்கள் நிறைய எடுத்தேன். மனதில் எதுவும் நிற்கவில்லை. இந்த முறை அக்காவும் நானும் மட்டும், எங்களுக்கென்று ஒரு வழிகாட்டி. பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்ற ஒரு பெண்மணி.

அவர் எங்களை முதலில் இறக்கிவிட்ட இடத்தில் கோயிலே இல்லை. பெரிய புல்வெளி, அதில் வரிசையாக அடித்தளக் கற்கள். பழைய கொரிய அரசுகளில் ஒன்றான சில்லா நாட்டின் மாபெரும் விகாரையான ஹ்வாங்னியோங்சா நின்ற இடம் அது. சொந்தொக் அரசி ஆண்டபோது, 645-இல், அங்கே ஒன்பது அடுக்கு மரக்கோபுரம் எழுந்தது. உயரம் சுமார் 80 மீட்டர். சுற்றியுள்ள ஒன்பது நாடுகள் அடங்கிப்போகும் என்ற நம்பிக்கையில் ஒன்பது அடுக்கு. ஆனால் அதைக் கட்டப் பகை நாடான பெக்ஜேயிலிருந்துதான் அபிஜி என்ற கலைஞரை வரவழைக்க வேண்டியிருந்தது. நடுத்தூணை நிறுத்தும் நாளில் தன் நாடு அழிவதாக அவர் கனவு கண்டார், வேலை செய்யக் கை வரவில்லை என்கிறது பழங்கதை. ஆனாலும் முடித்துக் கொடுத்தார். அடுத்த 15 ஆண்டுகளில், 660-இல், சில்லாவும் சீனத்துத் தாங் பேரரசும் சேர்ந்து பெக்ஜேயை வீழ்த்தின. கோபுரத்தை 1238-இல் மங்கோலியர் எரித்தார்கள். நடுத்தூண் நின்ற இடத்தில் இன்று கல் மட்டும் இருக்கிறது. அதன் அருகே அக்கா வெகுநேரம் பேசாமல் நின்றாள்.

இதையெல்லாம் கைப்பேசியிலேயே படிக்கலாமே என்பவர்கள் உண்டு. படிக்கலாம். ஆனால் அந்தப் புல்வெளியில் இறங்க வேண்டும் என்றே தெரியாதவர் எதைத் தேடிப் படிப்பார்? பேருந்து அதைத் தாண்டிப் போய்விடும்.

புல்குக்சாவிலும் அப்படித்தான். முற்றத்தில் இரண்டு கல் கோபுரங்கள். சொக்காதாப் ஒரு அலங்காரமும் இல்லாதது, தபோதாப் நகை மாதிரி செதுக்கியது. ஏன் இப்படிப் பொருந்தாமல் என்று முதல் முறை நினைத்தேன். சாக்கியமுனி புத்தர் போதிக்கும்போது பிரபூதரத்ன புத்தர் ஒரு கோபுரத்தோடு தோன்றி, அது உண்மை என்று சாட்சி சொன்னதாகத் தாமரைச் சூத்திரம் என்ற பௌத்த நூலில் வருகிறது. சொக்காதாப் போதிப்பவர், தபோதாப் சாட்சி. தெரிந்தபின் கண் வேறு மாதிரி பார்க்கிறது. தபோதாப்பில் நான்கு சிங்கங்கள் இருந்தனவாம், இப்போது ஒன்றுதான். மற்றவை ஜப்பானியர் கொரியாவை ஆண்ட காலத்தில் காணாமல் போயின.

சொக்குராமில் உள்ளே போகும் முன்பே, காட்டுப் பாதையில் நிறுத்தி வழிகாட்டி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். உள்ளே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சில நிமிடங்கள்தான் நிற்க முடியும், படம் எடுக்கக் கூடாது. 1913-இல் தொடங்கிய ஜப்பானியப் பழுதுபார்ப்பில் குகையைச் சுற்றி சிமெண்ட் கான்கிரீட் போட்டார்கள். அதன்பின் ஈரம் தேங்கி, கல்லைக் காப்பதே பெரும் பாடாகிவிட்டது. கண்ணாடியும் அதனால்தான். உள்ளே இருக்கும் புத்தர் சிலைக்கு நேர் பின்னால், நம் கண்ணுக்குப் படாமல், கருணையின் போதிசத்துவரான அவலோகிதேசுவரரின் பதினொரு தலைச் சிற்பம் இருக்கிறது. அதன் படத்தைக் கோப்பிலிருந்து எடுத்துக் காட்டினார். பிறகு உள்ளே போனோம். நேரம் போதவில்லை என்று இந்த முறை தோன்றவில்லை.

தனி வழிகாட்டிக்குச் செலவு அதிகம்தான், மறுக்கவில்லை. சியோலில் ஒரு நாள் கடைவீதியைக் குறைத்துக்கொண்டாவது இதைச் செய்யுங்கள் என்பேன்.

நம்சான் மலைக்கு எங்களுக்கு நேரமில்லை. காரில் வரும்போது அங்குள்ள ஒரு புத்தர் சிலையின் படத்தைக் காட்டினார். 2007-இல் கண்டுபிடிக்கப்பட்டவர். எப்போதோ பாறையோடு முகங்குப்புறச் சரிந்தவர். மூக்குக்கும் கீழேயுள்ள பாறைக்கும் நடுவே 5 சென்டிமீட்டர் இடைவெளி, முகத்தில் சேதமில்லை. அவரை நிமிர்த்துவது பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

"அடுத்த தடவை இவரைத்தான் முதல்ல பார்க்கணும்" என்றாள் அக்கா.