ஃபேனை நிறுத்திவிட்டுப் பேசலாம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, மேற்கு மாம்பலத்தில் நண்பர் ஒருவர் வீட்டு ஹாலில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். எல்லோருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது, எல்லோருக்கும் ஒரே பைத்தியம். நண்பர் புதிதாக ஒரு டிஏசி வாங்கியிருக்கிறார். தெரியாதவர்களுக்காக: போனிலோ கம்ப்யூட்டரிலோ வெறும் எண்களாகக் கிடக்கும் பாட்டை, ஆம்ப்ளிஃபயருக்குப் புரிகிற மின் அலையாக மாற்றித் தரும் பெட்டி அது. சில நூறு ரூபாய்க்கும் கிடைக்கும், சில லட்சத்துக்கும் கிடைக்கும். நண்பருடையது அறுபதாயிரம். பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார். "புதுசுல குரலைச் சுத்தி நல்லா காத்து இருக்கு பாருங்க" என்றார் ஒருவர்.

காற்று இருந்தது உண்மைதான். தலைக்கு மேலே ஃபேன் ஐந்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை. ஒருவர் வீட்டு இட்லியைத் தின்றுகொண்டே அவருடைய டிஏசியைக் குறை சொல்வது நாகரிகம் இல்லை. ஆனால் வீடு திரும்பியதிலிருந்து மனசு அரிக்கிறது. (அவர் இதைப் படிப்பார். படிக்கட்டும்.) சென்னையில் வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறவனுக்கு முதல் எதிரி சீலிங் ஃபேன். அதற்கு ஒரு வழி பண்ணாமல் ஒயரையும் டிஏசியையும் பற்றி மணிக்கணக்கில் பேசுவது, ஒழுகுகிற குடத்துக்குப் பூச்சுற்றி அழகு பார்க்கிற வேலை.

இது எனக்கும் தானாகத் தெரியவில்லை. போன தை மாதம் ஒரு ராத்திரி, பத்தரை மணி இருக்கும், கரண்ட் போய் ஐந்து நிமிடத்தில் வந்தது. விளக்கு எரிந்தது, ஆம்ப் உயிர் பெற்றது, ஃபேன் மட்டும் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றது. ஒட்டடைக் குச்சியால் தள்ளிவிட்டால் சோம்பேறித்தனமாக இரண்டு சுற்று சுற்றி மறுபடி நின்றுவிட்டது. கண்டென்சர் போய்விட்டது என்று புரிந்தது. சுவிட்சை அணைத்தேன். தை மாதக் குளிர், ஜன்னலைத் திறந்துவைத்தால் போதும் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் வழக்கமாகக் கேட்கிற பழைய கச்சேரி ஒலிநாடாப் பதிவு ஒன்றைப் போட்டேன். யாரோ சபா அரங்கில் எடுத்து, கை மாறி மாறி என்னிடம் வந்த மோனோ பதிவு. இருபது வருடமாகக் கேட்கிறேன், ஆலாபனையில் எங்கே மூச்சு விடுவார் என்பது வரை மனப்பாடம். அன்றைக்குத் தம்புரா கேட்டது. அதற்கு முன்பும் 'இருக்கிறது' என்று தெரியும், ஆனால் நான்கு தந்தியும் தனித்தனியாக மீட்டப்பட்டு, கடைசித் தந்தி அடங்குவதற்குள் முதல் தந்தி வந்து சேர்வது அன்றுதான் கேட்டது. நிரவலுக்கு நடுவில் பாடகர் பக்கவாத்தியக்காரரிடம் ஏதோ முணுமுணுக்கிறார். முன்வரிசையில் ஒருவர் தாளம் போட்டுத் தொடையில் தட்டுகிறார். இத்தனை வருடம் இவர்களெல்லாம் எங்கே இருந்தார்கள்?

அதற்கு முந்தைய வருடம்தான் இதே 'நுணுக்கங்களுக்காக' நாற்பதாயிரம் கொடுத்து ஒரு டிஏசி வாங்கியிருந்தேன். கேட்டது என்னவோ எண்பது ரூபாய்க் கண்டென்சர் செத்த பிறகு.

மூன்று நாள் ஃபேனைச் சரி செய்யவில்லை. "எலெக்ட்ரீஷியன் போனை எடுக்க மாட்டேங்கறார்" என்று வீட்டில் சொன்னேன். நாலாவது நாள் என் மனைவியே அவருக்குப் போன் பண்ணினாள். முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டார், என் குட்டு வெளிப்பட்டது.

ஃபேன் ஓடத் தொடங்கியதும் போனில் சத்தம் அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். போன் மைக் துல்லியமானதல்ல, ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் உதவும். ராத்திரி பதினொரு மணிக்கு ஃபேன் இல்லாமல் 36 டெசிபல். மூன்றில் வைத்தால் 47. ஐந்தில் 54. நான் பாட்டுக் கேட்கும் அளவு சுமார் 75. ஆக, ஃபேன் ஐந்தில் ஓடும்போது பாட்டின் உரத்த இடத்துக்கும் என் ஹாலின் இரைச்சலுக்கும் நடுவே மிச்சம் இருப்பது இருபது டெசிபல் சொச்சம். சாதாரண கேசட்டே இரைச்சலுக்கு மேல் ஏறத்தாழ 50 டெசிபல் தரும். எல்பி ரெக்கார்டு 60, 70. 16 பிட் சிடி 96 (பிட் என்பது ஒலியை எவ்வளவு நுணுக்கமான எண்ணாக எழுதிவைக்கிறார்கள் என்ற கணக்கு). 24 பிட் என்றால் ஏட்டளவில் 144. நம் ஆட்கள் 16 பிட்டா 24 பிட்டா என்று சண்டை போடுவது அந்த 96க்கு மேலே உள்ள இடத்துக்காக. ஹாலில் இருப்பதோ கேசட்டையே முழுசாக வாங்கிக்கொள்ள முடியாத இடம்.

காது கொஞ்சம் கெட்டிக்காரக் காது, இரைச்சலுக்கு அடியில் இருப்பதையும் ஓரளவு தோண்டி எடுத்துவிடும். அதனால் கணக்கு இவ்வளவு கறாராக இருக்காது. ஆனால் ஃபேன் முதலில் எதைத் தின்கிறது என்று பாருங்கள். மிருதங்கத்தின் வலந்தலைச் சத்தத்தை அது தொடாது, நாதஸ்வரத்தைத் தொடவே முடியாது. தந்தி அடங்குவது, பாடகர் மூச்சு இழுப்பது, அரங்கத்தின் எதிரொலி மெல்லத் தேய்வது என்று எதையெல்லாம் கேட்பதற்காக லட்சக்கணக்கில் செலவு செய்கிறோமோ, சரியாக அதையெல்லாம் முதலில் தின்றுவிடுகிறது.

"ஏசி போட்டுக்க வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஸ்ப்ளிட் ஏசியைக் குறைந்த வேகத்தில் வைத்தால் ஃபேனைவிட அமைதிதான், ஜன்னலையும் மூடிவிடுவதால் தெருச் சத்தமும் குறையும். நான் செய்வது: நாற்பது நிமிடம் ஏசியை ஓட்டி ஹாலைக் குளிர வைத்துவிட்டு, அதை அணைத்துவிட்டு ரெக்கார்டில் ஒரு பக்கம் கேட்பது. ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் பில் வரும்போது, அந்த ஒரு பக்கத்தின் விலை என்ன என்று வீட்டில் ஒருவர் கணக்குக் கேட்பார். ஹெட்போன்? மே மாதம் சென்னையில் காதை மூடும் ஹெட்போனோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், அப்புறம் பேசலாம்.

ஃபேனே வேண்டும் என்றால் ரெகுலேட்டரைப் பாருங்கள். குமிழ் வழுக்கிக்கொண்டு திரும்புகிற வகை எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர், கரண்ட்டை வெட்டி வெட்டித்தான் அனுப்பும். வேகம் குறையும்போது ஃபேன் முனகுவது அதனால்தான். சில வீடுகளில் அந்த வெட்டு ஒயர் வழியாக ஆம்ப் வரைக்கும் போய், ஸ்பீக்கரில் ஈ மொய்க்கிற மாதிரி சத்தம் கேட்கும். 'டக் டக்' என்று ஒன்று, இரண்டு, மூன்று என நிற்கும் வகைக்குள் கண்டென்சர் இருக்கும், முனகல் ரொம்பக் குறைவு. விலை சில நூறு ரூபாய். நான் செய்ததிலேயே லாபகரமான 'அப்கிரேடு' இதுதான்.

இதற்கு நேர்மாறான செலவு ஒன்றும் செய்திருக்கிறேன். நகரத்தில் ஒரு கடையில், பெயர் வேண்டாம், பதினெட்டாயிரத்துக்குப் பவர் கேபிள் வாங்கினேன். "பின்னணி அப்படியே கறுப்பாயிடும் சார்" என்றார் விற்றவர். ஸ்பீக்கரில் மெல்லிய ஹம் ஒன்று வந்துகொண்டிருந்தது, அதற்கு மருந்து என்று நம்பி வாங்கினேன். ஹம் போகவில்லை. கடைசியில் அதே எலெக்ட்ரீஷியன் பிளக் பாயிண்ட்டைக் கழற்றிக் காட்டினார். எர்த் ஒயர் எதிலும் மாட்டாமல் சுருண்டு கிடந்தது, ஃபிளாட் கட்டிய நாளிலிருந்து. "இதுக்கா சார் பதினெட்டாயிரம்?" என்று அவர் கேட்டபோது முகத்தில் கேலி இல்லை, உண்மையான வருத்தம். ஒயரை மாட்டி ஸ்க்ரூவை முறுக்கினார், ஹம் போய்விட்டது. கேபிள் இன்னும் இருக்கிறது. கனமாக, அழகாக இருக்கிறது, கொலுவில் வைக்கலாம்.

அடுத்த எதிரி ஹாலேதான். நம் ஃபிளாட்டுகளில் நான்கு பக்கமும் சிமெண்ட் சுவர், கீழே டைல்ஸ், ஒரு பக்கம் கண்ணாடி ஷோகேஸ். நடு ஹாலில் நின்று ஒரு தட்டு கைதட்டிப் பாருங்கள், 'ட்ர்ர்ரிங்' என்று சுவருக்குச் சுவர் ஓடும். அதில் எந்த ஸ்பீக்கரை வைத்தாலும் பாத்ரூமில் பாடுகிற மாதிரிதான் இருக்கும். இதற்குத் தனியாக ஃபோம் எல்லாம் விற்கிறார்கள். நான் பவானி ஜமக்காளம் ஒன்றைத் தரையில் விரித்தேன். ஊரிலிருந்து வந்து பரணில் கிடந்த இலவம் பஞ்சு மெத்தையைச் சுவரோரம் நிறுத்தினேன். கைதட்டினால் இப்போது 'டப்' என்று அடங்குகிறது. வந்தவர்கள் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்கிறார்கள், அது வேறு விஷயம்.

பேஸுக்கு, அதாவது அடித்தொனிக்கு, மெத்தை போதாது. பத்தடிக்குப் பத்தடி அறை என்றால் 56, 57 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை அதிர்வு) பக்கம் சுவர்களுக்கு நடுவே ஒரு அலை சிக்கிக்கொண்டு உப்பும். பேஸ் கிட்டாரில் தடித்த பக்கத்திலிருந்து இரண்டாவது தந்தியைச் சும்மா அடித்தாலே 55 ஹெர்ட்ஸ். ராஜா பாட்டில் பேஸ் கிட்டார் படியேறி இறங்குவதைக் கேட்கத்தானே நம்மில் பாதிப் பேர் இந்தப் பைத்தியத்துக்குள் வந்தோம்? அந்த அறையில் ஒரு ஸ்வரம் மட்டும் ஊரைக் கூட்டும், மற்றதெல்லாம் ஒடுங்கும். சிமெண்ட் சுவர் விறைப்பு, அந்த அலையை வெளியே விடாது. அதுவும் சதுர அறை என்பதால் இன்னும் மோசம், இரண்டு பக்கமும் ஒரே ஹெர்ட்ஸில் உப்பும். இதற்குச் செலவில்லாத வழி, ஸ்பீக்கரை மூலையிலிருந்து இழுத்து முன்னால் வைப்பது, நாற்காலியையும் பின்சுவரிலிருந்து இரண்டடி தள்ளிப் போடுவது. நம் வீடுகளில் நடக்காத காரியமும் இதுதான். ஸ்பீக்கர் ஷோகேஸுக்குள் தஞ்சாவூர்ப் பொம்மைக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

என் அண்ணன், பெரியப்பா மகன், எண்பதுகளின் கடைசியில் ஒரு மண்பானை வாயில் எட்டு இஞ்ச் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்துப் பாட்டுப் போடுவான். ரிச்சி ஸ்ட்ரீட்டில் பார்ட்ஸ் வாங்கி அவனே அசெம்பிள் செய்த ஆம்ப். பானை எந்த அளவு, வாய் எத்தனை அகலம், வீட்டின் எந்த மூலையில் வைத்தால் எப்படி அதிரும் என்று நாலைந்து பானையில் போட்டுப் பார்த்தே கண்டுபிடித்து வைத்திருந்தான். அம்மா தண்ணீருக்கு வாங்கிய பானையும் அதில் ஒன்று, அதற்கு உதை வாங்கியது தனிக்கதை. அந்தச் சத்தம் நல்ல சத்தம் என்று இன்றைக்குச் சொல்ல மாட்டேன், ஒரே 'பும் பும்'தான். ஆனால் சத்தம் பெட்டியிலிருந்து மட்டும் வருவதில்லை, அது இருக்கிற இடத்திலிருந்தும் வருகிறது என்பது பத்தாவது ஃபெயிலான அவனுக்குத் தெரிந்திருந்தது. எம்.டெக் படித்த எனக்குத் தெரிய ஒரு கண்டென்சர் சாக வேண்டியிருந்தது.

அதற்காகக் கருவியே முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. நல்ல ஸ்பீக்கருக்கும் மட்டமான ஸ்பீக்கருக்கும் உள்ள வித்தியாசம் ஃபேன் ஐந்தில் ஓடினாலும் தெரியும். கையில் காசு இருந்தால் ஸ்பீக்கரில் போடுங்கள். ஒன்று மட்டும், பழைய ஸ்பீக்கர் வாங்கினால் கோனைச் சுற்றியிருக்கும் வளையம் ஃபோமா ரப்பரா என்று பாருங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஃபோம் வளையம் பத்துப் பதினைந்து வருடத்தில் ஊறிய அப்பளமாகிவிடும், விரல் வைத்தால் உதிரும்.

யோசித்துப் பார்த்தால் சென்னையில் காது கொடுத்துக் கேட்கிற பருவம் மார்கழியும் தையும்தான். 1927 டிசம்பரில் இங்கே காங்கிரஸ் மாநாடு கூடியபோது கூடவே இசை மாநாடும் நடந்தது, அதிலிருந்து மியூசிக் அகாடமி பிறந்தது, டிசம்பர் சீசன் வளர்ந்தது. தற்செயலாக அமைந்த மாதம்தான். ஆனால் அதே மாநாடு மே மாதம் கூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். சபாக்களில் இப்போது மைக் வைத்து மிருதங்கத்தைக் கோயில் திருவிழா மாதிரி அலற விடுகிறார்கள், அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன், இன்றைக்கு ரத்த அழுத்தம் வேண்டாம்.

இப்போது ஐப்பசி. இதை எழுதும்போது வெளியே மழை ஊற்றுகிறது, பால்கனித் தகரத்தில் மழை விழும் சத்தம் மட்டுமே ஆப்பில் 58 காட்டுகிறது. இன்றைக்குப் பாட்டு இல்லை. மார்கழி பிறந்ததும் சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு மேல், கீழ் வீட்டில் சீரியல் முடிந்த பிறகு, நம் வீட்டில் கேட்கலாம். மேற்கு மாம்பலம் நண்பரும் அந்த டிஏசியைத் தூக்கிக்கொண்டு வரட்டும், வித்தியாசம் இருந்தால் முதல் ஆளாக நானே ஒப்புக்கொள்கிறேன். ஃபில்டர் காபி உண்டு. ஃபேன் கிடையாது.