ஏழாம் வகுப்பு மதிப்பெண் எந்தக் கணினியில் இருக்கிறது?

"டீச்சர், நான் திரும்ப எழுதின டெஸ்ட் மார்க் இதுல ஏறவே இல்லையே?"

முன்னேற்ற அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டது இது. பின்னங்களில் தடுமாறிக்கொண்டிருந்த பிள்ளை. முதல் தேர்வில் 20-க்கு 7. அதன் பிறகு மூன்று வாரம் மதிய இடைவேளையில் வந்து உட்கார்ந்து, புரியாததைக் கேட்டுக் கேட்டுப் போட்டுப் பார்த்து, மறுதேர்வில் 16 வாங்கினாள். அந்த 16-ஐ நானே கணினியில் ஏற்றினேன், நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் அவள் வீட்டுக்குப் போன தாளில் 7 தான் இருந்தது.

எங்கே போனது என்று அன்று மாலையே உட்கார்ந்து தேடினேன். வெள்ளிக்கிழமை பள்ளிக் கணினியிலிருந்து மதிப்பெண் ஃபைலை பென் டிரைவில் எடுத்துப் போயிருக்கிறேன். ஞாயிறு இரவு வீட்டுக் கணினியில் மறுதேர்வு மதிப்பெண்களை ஏற்றியிருக்கிறேன். ஆனால் வெள்ளிக்கிழமை நான் கிளம்பிய பிறகு, அதே வகுப்புக்குப் பாடம் எடுக்கும் இன்னோர் ஆசிரியர் பள்ளிக் கணினியில் செயல்திட்ட மதிப்பெண்களைச் சேர்த்திருக்கிறார். திங்கள் காலை பென் டிரைவைச் செருகி ஃபைலை ஒட்டப் போனால், "இதே பெயரில் ஒரு ஃபைல் இருக்கிறது, மாற்றவா?" என்று கேட்டது. திறந்து பார்த்தேன். அவர் ஏற்றிய பத்தி முழுக்க நிரம்பியிருந்தது. அதை அழித்துவிடக் கூடாதே என்று மாற்றாமல் விட்டேன். என்னுடையதை அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம் என்று பென் டிரைவைப் பையில் போட்டேன். அந்த 'அப்புறம்' வரவே இல்லை. புதன்கிழமை பள்ளி ஃபைலை மறுபடி வீட்டுக்கு எடுத்துப் போய், வீட்டில் இருந்த ஃபைலின் மேலேயே ஒட்டினேன். 16 அதோடு போய்விட்டது.

விடைத்தாள் கையில் இருந்ததால் திருத்திக் கொடுக்க முடிந்தது. விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டிருந்தால், அல்லது அந்தப் பிள்ளை வந்து கேட்கத் தயங்கியிருந்தால்? கேட்கத் தயங்கும் பிள்ளைகள்தான் எந்த வகுப்பிலும் அதிகம்.

திங்கள் காலை நான் எடுத்த முடிவை யாரும் கவனக்குறைவு என்று சொல்லிவிட முடியாது. பார்த்து, யோசித்துத்தான் செய்தேன். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு ஃபைலில் எது புதியது என்றுதான் கணினியும் கேட்கிறது, நாமும் கேட்கிறோம். அந்தக் கேள்வியே தப்பு. வீட்டு ஃபைலில் இருந்தது பள்ளி ஃபைலில் இல்லை, பள்ளி ஃபைலில் இருந்தது வீட்டு ஃபைலில் இல்லை. எதை வைத்துக்கொண்டாலும் யாரோ ஒரு பிள்ளையின் உழைப்பு அழியும். போதாக்குறைக்கு, எது புதியது என்று காட்டும் ஃபைலின் தேதியையாவது நம்பலாமா என்றால் அதுவும் இல்லை. பழைய மேசைக் கணினிகளில் மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்துபோனால், ஒவ்வொரு முறை மின்சாரம் துண்டிக்கப்படும்போதும் கணினியின் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். இணையம் இல்லாத கணினி என்றால் யாராவது கையால் திருத்தும் வரை அப்படியேதான் இருக்கும். இன்று சேமித்த ஃபைலில்கூட என்றைக்கோ ஒரு தேதி விழும்.

அதனால் நான் உறுதியாகச் சொல்ல வருவது ஒன்றுதான். மதிப்பெண் ஃபைலுக்கு மூலப் பிரதி ஒன்றே ஒன்று இருக்க வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று அந்த வகுப்புக்குப் போகும் எல்லா ஆசிரியருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மற்ற எந்தக் கணினியில் இருப்பதும் பார்க்க மட்டுமான நகல், அதில் எழுதக் கூடாது. இதைத் தீர்மானிக்காமல் எந்த மென்பொருள் வாங்கினாலும் பயனில்லை.

அப்படியானால் வீட்டில் எப்படி வேலை செய்வது? விடைத்தாள் திருத்துவது பெரும்பாலும் வீட்டில்தான் நடக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. நான் இப்போது செய்வது இது. வீட்டில் மூல ஃபைலைத் தொடுவதே இல்லை. தனியாக ஒரு சின்ன தாள் வைத்திருக்கிறேன்: சேர்க்கை எண், தேர்வு, மதிப்பெண், தேதி, அவ்வளவுதான். அதில் ஏற்றிக்கொண்டு போய், பள்ளியில் மூலப் பிரதியில் சேர்த்துவிட்டு, சேர்த்த வரிகளுக்கு நிறம் தீட்டிவிடுவேன். நிறம் இல்லாத வரி இருந்தால் வேலை பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். திங்கள்கிழமை என்னிடம் இருந்திருக்க வேண்டியது இதுதான்.

இரண்டு இடத்திலும் நல்ல இணையம் இருந்தால் கூகுள் ஷீட்ஸ் போல ஒரே தாளை இணையத்தில் வைத்து எல்லோரும் அதிலேயே எழுதுவது இன்னும் நல்லது. யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று அதன் பதிப்பு வரலாற்றில் பின்னால் போய்ப் பார்க்க முடியும். எனக்கு அதில் மிகப் பிடித்தது அதுதான். ஆனால் டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ் மாதிரி, ஒரு ஃபோல்டரை எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி இருக்கும்படி தானாக ஒத்திசைக்கும் சேவைகளை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இணையம் இல்லாத நேரத்தில் ஒரே எக்செல் ஃபைலை இரண்டு கணினியிலும் திருத்தினால், பெயரோடு ஏதோ ஒட்டிக்கொண்டு இரண்டாவது ஃபைல் ஒன்று பக்கத்தில் வந்து உட்காரும். அதை யாரும் திறப்பதில்லை. உள்ளே யாருடைய மறுதேர்வு மதிப்பெண் கிடக்கிறதோ!

ஒத்திசைவைக் காப்புப் பிரதி என்று நினைப்பவர்களும் நிறையப் பேர். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், அதற்குப் பெயர் காப்பு அல்ல. கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டியில் ஒரு ஃபைல் 30 நாள்தான் இருக்கும். முதல் பருவத்து ஃபோல்டரை யாரோ தெரியாமல் அழித்துவிட்டார்கள் என்பது ஆண்டுக் கடைசியில் மொத்த மதிப்பெண் போடும்போதுதான் தெரியவரும். வெள்ளிக்கிழமைதோறும் மூலப் பிரதியை வேறொரு இடத்தில் தனியாக நகலெடுத்து வையுங்கள். பெயரில் தேதியை 2025-07-04 என்று ஆண்டு முதலில் வருமாறு எழுதினால், பெயர் வரிசையே தேதி வரிசையாகிவிடும். 'புதுசு', 'கடைசி', 'கடைசி திருத்தியது' என்று பெயர் வைத்த ஃபைல்களில் எது கடைசி என்று வைத்தவருக்கே மறுமாதம் தெரியாது.

சேர்க்கை எண் என்று மேலே சொன்னேன், அதை அழுத்திச் சொல்ல வேண்டும். பெயரை வைத்துச் சேர்த்தால் ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கும் வகுப்பில் மாறிப்போகும். வரிசை எண்ணை வைத்துச் சேர்த்தால், நடு ஆண்டில் ஒரு பிள்ளை புதிதாகச் சேர்ந்து பட்டியலின் நடுவில் நுழைந்த நாளிலிருந்து, அதற்குக் கீழே உள்ள எல்லோரும் ஒரு வரி தள்ளிப்போவார்கள். இன்னொன்று, பெயர்ப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து அகர வரிசைப்படுத்தினால் பெயர்கள் இடம் மாறும், மதிப்பெண்கள் அங்கேயே நிற்கும். பார்க்க எல்லாம் சரியாகவே தெரியும். நாற்பது பிள்ளைகளுக்கும் அடுத்தவர் மதிப்பெண். பக்கத்து பத்திகளையும் சேர்த்துக்கொள்ளவா என்று எக்செல் ஒரு எச்சரிக்கை காட்டும். அவசரத்தில் நாம் படிப்பதில்லை.

கணினி மாறும்போது மட்டும் வெளிப்படும் குற்றங்களும் உண்டு. பத்துக்கு எட்டு என்பதை 8/10 என்று தட்டினால் எக்செல் அதைத் தேதியாக எடுத்துக்கொள்ளும். பள்ளிக் கணினியில் நாள் முதலில் வரும் அமைப்பு இருந்தால் அக்டோபர் 8, வீட்டுக் கணினியில் மாதம் முதலில் வரும் அமைப்பு இருந்தால் ஆகஸ்ட் 10. அந்தக் கட்டத்தைக் கூட்டலில் சேர்த்தால் நாற்பதாயிரத்துச் சொச்சம் வந்து நிற்கும், ஏனென்றால் எக்செல் தேதியை 1900-இலிருந்து எண்ணிய நாள் கணக்காகத்தான் உள்ளே வைத்திருக்கிறது. அப்படிப் பெரிதாக உடைந்தால் நல்லது, உடனே தெரிந்துவிடும். தெரியாமல் உடைவதுதான் பயம். தேர்வுக்கு வராத பிள்ளைக்கு ஒருவர் கட்டத்தைக் காலியாக விடுகிறார், இன்னொருவர் 0 போடுகிறார். சராசரி எடுக்கும் ஆவரேஜ் ஃபார்முலா காலிக் கட்டத்தைக் கணக்கில் எடுக்காது, 0-வை எடுக்கும். இரண்டு தேர்வில் 80, 90 வாங்கி மூன்றாவதற்குக் காய்ச்சலில் வராத பிள்ளையின் சராசரி ஒரு தாளில் 85, இன்னொரு தாளில் 57-க்குக் கீழே. இரண்டுமே கணக்குப்படி சரி. வராததற்கு என்ன எழுதுவது என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே எல்லோரும் சேர்ந்து முடிவு செய்திருக்க வேண்டும்.

பெயர்களைப் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய ஃபைல்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள், இதற்கு மேல் இதில் பேச ஒன்றும் இல்லை.

ஆனால் பென் டிரைவ் தொலைவதைப் பற்றிப் பேச நிறைய இருக்கிறது. அதில் பிள்ளைகளின் மதிப்பெண்ணோடு பிறந்த தேதி, பெற்றோர் எண், "வாசிப்பில் மிகவும் பின்தங்கியுள்ளார்" என்கிற குறிப்பு எல்லாம் இருக்கும். அந்தக் குறிப்பை நாம் எழுதியது உதவி செய்வதற்காக, வழியில் கண்டெடுப்பவர் படிப்பதற்காக அல்ல. எக்செல்லில் தாளைப் பூட்டும் வசதி இருக்கிறதே என்பார்கள். அது கை தவறி மாற்றிவிடாமல் தடுக்க மட்டும்தான், திறந்து படிப்பதை அது தடுக்காது. ஃபைலைத் திறக்கவே கடவுச்சொல் கேட்கும்படி வைத்தால்தான் உள்ளடக்கம் குறியாக்கம் ஆகும், அதாவது கடவுச்சொல் இல்லாதவர் படிக்க முடியாதபடி மாறும். அந்தக் கடவுச்சொல்லை மறந்தால் மைக்ரோசாஃப்டாலும் மீட்டுத் தர முடியாது, எனவே உறையில் எழுதித் தலைமை ஆசிரியரிடம் ஒன்று இருக்கட்டும். வீட்டுக் கணினியை நம் பிள்ளைகளும் பயன்படுத்துவார்கள். அவர்கள் அதே பள்ளியில் படித்தால் நண்பனின் மதிப்பெண் அவர்கள் கண்ணில் பட ஒரு கிளிக் போதும். நமக்கென்று தனிப் பயனர் கணக்கு வைத்துக்கொள்வது ஐந்து நிமிட வேலை.

இதையெல்லாம் ஆசிரியர் தன் சொந்தக் கணினியில், சொந்த நேரத்தில், யாரும் சொல்லிக்கொடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பள்ளிகள் எதிர்பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கரும்பலகையும் வருகைப் பதிவேடும் பள்ளியின் பொறுப்பு என்றால் மதிப்பெண் ஃபைலும் பள்ளியின் பொறுப்புதான். ஓர் ஆசிரியர் மாறிப்போகும்போது மூன்று வருடப் பதிவுகள் அவருடைய மடிக்கணினியோடு போய்விடுவது எந்தப் பள்ளிக்கும் அழகல்ல.

தலைமை ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் ஏதாவது ஒரு வகுப்பை எடுத்துக்கொண்டு, அதன் மதிப்பெண்களின் மூலப் பிரதி எங்கே இருக்கிறது என்று அந்த வகுப்பு ஆசிரியர்களை ஆளுக்கொரு சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டு சீட்டில் இரண்டு பதில் வந்தால், கூட்டத்தின் மற்ற விஷயங்களை ஒத்திவைத்துவிட்டு அதை முதலில் முடியுங்கள்.