பேரிங்கை உள் வளையத்தில் தட்டாதீர்கள்

"பைக் முன்சக்கரத்துக்குப் புது பேரிங்கை நடுவில் வைத்துத் தட்டினாலே இறங்கிவிடும், உள்ளே இருக்கிற ஸ்பேஸர் குழாய் இல்லாவிட்டாலும் ஓடும்" என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு, இரண்டாவது ஆபத்தும்கூட.

சக்கரம் சுலபமாகச் சுழல உதவும் பேரிங்கில் ஒரு வெளி வளையம், ஒரு உள் வளையம், இரண்டுக்கும் நடுவில் குண்டுகள் இருக்கும். சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்புக்குள் இறுக்கமாக உட்காருவது வெளி வளையம். உள் வளையத்தில் அடித்தால் அந்த அடி முழுக்க குண்டுகள் வழியாகத்தான் போகும். அவை ஓடும் பாதையில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழும். புது பேரிங்கே உறும ஆரம்பிக்கும். வெளி வளையத்தின் அளவுக்குச் சரியான சாக்கெட்டை (நட்டு கழற்றப் பயன்படும் குழாய் போன்ற கருவி) வைத்துத் தட்டுங்கள். அடிவரை இறங்கியதும் சுத்தியல் சத்தம் கெட்டியாக மாறும், அத்தோடு நிறுத்துங்கள். ஹப்பை லேசாகச் சூடாக்கினால் இன்னும் சுலபம், அலுமினியம் நன்றாக விரியும்.

அப்புறம் அந்த ஸ்பேஸர். ஆக்ஸில் (சக்கரத்தின் அச்சு) நட்டை முறுக்கும் விசையை, ஹப்பின் இரு பக்கமும் உள்ள பேரிங்குகளின் உள் வளையங்களுக்கு நடுவில் தாங்குவது அதுதான். அது இல்லாமல் முறுக்கினால் உள் வளையங்கள் ஒன்றையொன்று நோக்கி நெருக்கப்பட்டு, பேரிங் சீக்கிரமே சூடாகி உடையும். முன்சக்கரத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. முதல் பேரிங், ஸ்பேஸர், பிறகு இரண்டாவது பேரிங் என்ற வரிசையை மறக்காதீர்கள். தட்டிக் கழற்றிய பழைய பேரிங்கைத் திரும்பப் போடாதீர்கள்.